ராதாவின் இரண்டு தொண்டை

கேள்வி: எங்கள் தாத்தா தினமும் கைப்பேசியில் எம்.ஆர்.ராதா பேசிய வசனங்களைப் போட்டுக் கேட்கிறார். ஒரு நேரம் கீச்சுக் குரல், ஒரு நேரம் கட்டைக் குரல். எனக்குக் காது கூசுகிறது. எம்.ஜி.ஆரைச் சுட்டவர் என்பதால் வந்த கவர்ச்சிதான் இது என்கிறேன் நான். நல்ல குரல் கேட்டுப் பழகாத தோட்டத்து ஆள்களின் ரசனை என்றும் சொல்லலாமா? இன்றைக்கு அப்படி யாராவது இருக்கிறார்களா?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: முதலில் தேதியைப் பார்ப்போம். 'ரத்தக்கண்ணீர்' படம் வந்தது 1954இல். அதற்கு முன்பே அது நாடகமாக ஊர் ஊராகப் போய்க் கூட்டம் சேர்த்தது. எம்.ஜி.ஆரின் ராமாவரம் வீட்டில் துப்பாக்கி வெடித்தது 1967 ஜனவரி 12. சுடுவதற்குப் பல வருடம் முன்பே சனங்கள் அந்தக் குரலுக்கு மயங்கியாகிவிட்டது. இன்னொன்றும் சொல்கிறேன். அன்று கழுத்தில் பாய்ந்த குண்டால் எம்.ஜி.ஆரின் பேச்சே மாறிப்போனது. ரசிகர்கள் கைவிட்டார்களா? அந்தப் பேச்சோடுதான் தொடர்ந்து நடித்தார், 1977இல் முதலமைச்சரும் ஆனார். இனிமையாக இருந்தால்தான் தமிழன் காது கொடுப்பான் என்ற உங்கள் கணக்கு அங்கேயே இடிக்கிறது.

இனி குரலுக்கு வருவோம். கீச்சு, கட்டை என்று 'ஒரு நேரம், ஒரு நேரம்' போட்டுப் பிரித்திருக்கிறீர்கள். இரண்டும் ஒரே வாக்கியத்துக்குள் வருவதைக் கவனிக்கவில்லை போலிருக்கிறது. குரல்நாண்களை இழுத்து மெலிதாக்கி விளிம்பு மட்டும் அதிர்ந்தால் கீச்சுக் குரல் வரும். அவை தளர்ந்து தடித்து, ஒழுங்கில்லாமல் அதிர்ந்தால் கரகரப்பு வரும். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தையல் வெளியே தெரியக்கூடாது என்றுதான் பாடகர்கள் வருடக்கணக்கில் சாதகம் செய்கிறார்கள். ராதா சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, தையலைக் காட்டியபடியே மேடைக்கு வந்தார். அடுத்த சொல் எந்தத் தொண்டையிலிருந்து வரும் என்று யாருக்கும் தெரியாது. அது கிண்டலா, மிரட்டலா, அழுகையா என்று தீர்மானிப்பதற்குள் வசனம் தாண்டிப் போய்விடும். சிரிக்க வாயைத் திறந்தவன் பாதியில் மூடிக்கொள்வான். அந்தச் சங்கடத்துக்காகத்தான் மறுபடி மறுபடி கேட்கிறார்கள்.

பி.எஸ்.வீரப்பாவின் சிரிப்பு பிரமாதமான சிரிப்பு. ஆனால் சிரித்த மாத்திரத்தில் ஆள் வில்லன் என்று தெரிந்துவிடும், நாமும் நிம்மதியாகப் பயப்படலாம். ராதாவிடம் அந்த நிம்மதி கிடைக்காது. 'புதிய பறவை'யில் (1964) அவர் பேசப் பேச, இவன் பெரிய எத்தன் என்று நமக்குச் சந்தேகம் ஏறிக்கொண்டே போகும். கடைசியில் பார்த்தால் அவர் போலீஸ் விரித்த வலையில் ஒரு ஆள். அந்தக் குரலைக் கேட்டதும் நாம் சந்தேகப்படுவோம் என்று தெரிந்தே அவரை அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

'ரத்தக்கண்ணீர்' மோகனை எடுத்துக்கொள்ளுங்கள். சீமையிலிருந்து திரும்பிய பணக்காரன். தாய், மனைவி, ஊர் என்று யாரையும் விடாமல் ஏளனம் செய்கிறான். பிறகு தொழுநோய் வருகிறது, ஆசைநாயகி காந்தா விரட்டுகிறாள், தெருவில் பிச்சை எடுக்கிறான். வேறொரு நடிகர் என்றால் இந்த இடத்தில் குரலைக் குழைத்து நம்மை அழ வைத்திருப்பார். ராதா உடம்பைச் சுருக்கினாரே தவிர நக்கலைச் சுருக்கவில்லை. பரிதாபப்படலாம் என்று நாம் கிட்டே போனால் ஒரு சொல் பாய்ந்து வந்து கடிக்கும். கல்யாண விருந்தில் மிமிக்ரி செய்கிறவர்கள் 'அடியே காந்தா' என்று உச்சத்தில் கத்திக் கைதட்டு வாங்குவார்கள். அடித்தொண்டையைத் தொடுகிறவர்கள் அபூர்வம். நீங்கள் கேட்டது பாதி ராதா என்பது என் சந்தேகம்.

தோட்டத்து ரசனை என்றீர்கள். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். 1948 ஜூன் 16இல் உங்கள் ஊர்ப் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரர்கள் சுடப்பட்ட பிறகுதான், கம்யூனிஸ்டுக் கொரில்லாக்களை ஒடுக்க இந்த நாட்டில் அவசரகாலம் வந்தது. அது முடிந்தது 1960இல். 'ரத்தக்கண்ணீர்' படம் வந்தபோது தோட்டத் தொழிலாளர்களின் லய வீடுகளைச் சுற்றி முள்வேலி. விடிவதற்கு முன்னால் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்பு, அங்கே கணக்கெழுதும் கிராணி, மேலே துரை. எல்லாரிடமும் குரலை இறக்கித்தான் பேச வேண்டும். இப்படி இருந்த சனங்களுக்கு, திடலில் கட்டிய வெள்ளைத் துணியில் ஒருவன் பணத்திமிரையும் போலிப் பக்தியையும் குரலை இறக்காமல் வறுத்தெடுப்பது எப்படி இருந்திருக்கும்? நல்ல குரல் கேட்டுப் பழகாதவர்களாம்! பாகவதரையும் டி.எம்.எஸ்ஸையும் மனப்பாடமாகப் பாடியவர்கள் ஐயா அவர்கள். பாட்டுக்கு ஒரு காது, ராதாவுக்கு ஒரு காது வைத்திருந்தார்கள்.

சிறையிலிருந்து வந்த பிறகு ராதா மலேசியாவுக்கே வந்து மேடையில் பேசினார். அந்த ஒலிப்பதிவு இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. வேடம் இல்லை, காட்சி இல்லை, வயதான மனிதர். அதே இரண்டு தொண்டை. வசனத்தை விட்டுவிட்டு அதைக் கேளுங்கள்.

இன்றைக்கு யார் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து ரகுவரனோடு சரி. 'புரியாத புதிர்' (1990) படத்தில் 'ஐ நோ' என்ற இரண்டே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லி வயிற்றைக் கலக்கினார். ராதா கூரை அதிரச் செய்ததை முணுமுணுப்பிலேயே செய்துகாட்டியவர். 2008 மார்ச்சில் போய்விட்டார். அப்புறம் வந்தவர்களில் யாருக்காவது விசித்திரமான குரல் இருந்திருக்கலாம். ஆனால் முகம் ஒருவர், குரல் வேறொருவர் என்று டப்பிங் கூடத்தில் மாற்றுவது சகஜமாகிவிட்ட சினிமாவில், முதலில் வெட்டுப்படுவது அந்த மாதிரித் தொண்டைதான்.