அமெரிக்கத் தேர்தல் முடிவை மாற்றப் பார்த்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா?

கேள்வி: 2020 அமெரிக்க அதிபர் தேர்தல் முடிவை மாற்ற முயன்றவர்களில் யாருக்காவது தண்டனை கிடைத்ததா? அந்த நாட்டு ஜனநாயகம் உண்மையிலேயே ஆபத்தில் இருக்கிறதா, இல்லை ஊடகங்கள் ஊதிப் பெருக்குகின்றனவா?

நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டலின் கண்ணாடியை உடைத்து உள்ளே புகுந்தவர்கள் சிறைக்குப் போனார்கள், பிறகு மன்னிப்பு கிடைத்து வெளியே வந்துவிட்டார்கள். நடுவில் இருந்த வக்கீல்களும் டிவிக்காரர்களும் பணத்தையோ தொழில் உரிமத்தையோ இழந்தார்கள். உச்சியில் இருந்த டொனால்ட் டிரம்ப் மறுபடி அதிபராகிவிட்டார். நேரடிப் பதில் இவ்வளவுதான். எப்படி இப்படி முடிந்தது என்று பார்த்தால் உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பதில் கிடைக்கும்.

நான் இருப்பது ஜார்ஜியா மாநிலத்தில், அட்லாண்டாவுக்கு வடக்கே. குடியுரிமை வாங்கி, 2020இல் இங்கேதான் ஓட்டுப் போட்டேன். அதனால் பதில் ஜார்ஜியா பக்கம் கொஞ்சம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோற்றவர் வழக்குப் போடுவதோ மறு எண்ணிக்கை கேட்பதோ குற்றமே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2000இல் புளோரிடாவில் வெறும் 537 ஓட்டில் அல் கோரின் கையைவிட்டுப் போனது அதிபர் பதவி. உச்ச நீதிமன்றம் வரை போராடினார், தோற்றார், தீர்ப்பு வந்த மறுநாளே தோல்வியை ஒப்புக்கொண்டார். அப்போது துணை அதிபர் அவர்தான் என்பதால், 2001 ஜனவரி 6 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில், அதிபரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் ஓட்டுகளை எண்ணும் கூட்டத்துக்கும் அவரே தலைமை தாங்கி, புஷ் வென்றதாகத் தன் வாயாலேயே அறிவிக்க வேண்டியிருந்தது. அவருக்காக ஆட்சேபம் சொல்ல எழுந்த சொந்தக் கட்சி உறுப்பினர்களை, செனட்டர் கையெழுத்து இல்லாததால் செல்லாது என்று சொல்லி உட்கார வைத்தார்.

டிரம்ப் தரப்பும் 2020இல் 60க்கும் மேற்பட்ட வழக்குகள் போட்டது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் தோற்றது. தள்ளுபடி செய்த நீதிபதிகளில் டிரம்பே நியமித்தவர்களும் உண்டு. அதுவரை நடந்ததில் தப்பு சொல்ல எதுவும் இல்லை. விவகாரம் அதற்கு அப்புறம்.

ஜார்ஜியாவில் பைடன் வென்றது 11,779 ஓட்டில். கிட்டத்தட்ட 50 லட்சம் ஓட்டுகளையும் கையால் எண்ணிப் பார்த்தார்கள், பிறகு இயந்திரத்தில் இன்னொரு முறை எண்ணினார்கள். வெற்றி மாறவில்லை. 2021 ஜனவரி 2 அன்று டிரம்ப், மாநிலத் தேர்தல்களைக் கவனிக்கும் அதிகாரியான மாநிலச் செயலர் பிராட் ராஃபென்ஸ்பெர்கரிடம் போனில் ஒரு மணி நேரம் பேசினார். ராஃபென்ஸ்பெர்கர் குடியரசுக் கட்சிக்காரர், டிரம்புக்கே ஓட்டுப் போட்டவர். அந்த ஒலிப்பதிவு பொதுவெளியில் இருக்கிறது, நானும் கேட்டிருக்கிறேன். தனக்கு 11,780 ஓட்டு கண்டுபிடித்தாக வேண்டும் என்கிறார் டிரம்ப். வித்தியாசத்தைவிடச் சரியாக ஒன்று கூடுதல். மோசடி நடந்ததாக நம்புகிறவர் "விசாரியுங்கள்" என்பார். ஜெயிக்கத் தேவையான எண்ணைச் சொல்லிக் கேட்பவர் கேட்பது விசாரணையை அல்ல. டிரம்ப் இதை ஏற்கவில்லை, அந்தப் பேச்சில் குறையே இல்லை என்பது அவர் வாதம்.

இந்த போன் பேச்சு எல்லோருக்கும் தெரியும். போலித் தேர்வாளர் விவகாரம் அந்த அளவுக்குத் தெரியவில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. இங்கே மக்கள் ஓட்டு அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்திலும் வென்றவரின் தேர்வாளர்கள் டிசம்பரில் கூடி ஓட்டுப் போட்டு, சான்றிதழை வாஷிங்டனுக்கு அனுப்புவார்கள். 2020 டிசம்பர் 14 அன்று, டிரம்ப் தோற்ற ஏழு மாநிலங்களில் அவர் தரப்பினர் 84 பேர் தனியாகக் கூடி, தாங்களே தேர்வாளர்கள் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினார்கள். பென்சில்வேனியாவிலும் நியூ மெக்சிகோவிலும் மட்டும் யாரோ விவரமான ஆள் இருந்திருக்க வேண்டும். "பின்னால் நீதிமன்றம் எங்களை ஏற்றுக்கொண்டால்" என்கிற மாதிரி ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டார்கள். மற்ற ஐந்து மாநிலங்களிலும் பிற்பாடு குற்ற வழக்குகள் வந்தன, இந்த இரண்டில் வரவில்லை.

இந்தப் போட்டிச் சான்றிதழ்களைக் காரணம் காட்டித் துணை அதிபர் மைக் பென்ஸ் எண்ணிக்கையை நிறுத்த வேண்டும் என்பது திட்டம். பென்ஸ் மறுத்தார். ஜனவரி 6 அன்று டிரம்ப் ஆதரவாளர் கும்பல் கேப்பிட்டலுக்குள் புகுந்ததும், சுமார் 140 போலீஸார் தாக்கப்பட்டதும் நீங்கள் டிவியில் பார்த்ததுதான்.

சரி, இதற்கெல்லாம் கணக்குக் கேட்க வேண்டியது யார்? நம் ஊர் அரசு அலுவலகத்தில் "இது என் சீட் இல்லைங்க, அந்த சீட்டுல கேளுங்க" என்று அலையவிடுவார்களே, அதுதான் ஐந்து வருடம் நடந்தது.

முதல் சீட், நாடாளுமன்ற மேலவையான செனட். டிரம்ப்மீதான பதவி நீக்க விசாரணையில், 2021 பிப்ரவரி 13 அன்று அவர் குற்றவாளி என்று 57 பேரும் இல்லை என்று 43 பேரும் ஓட்டுப் போட்டார்கள். அவர் கட்சியிலேயே ஏழு பேர் அவருக்கு எதிராக நின்றும், தேவையான 67 வரவில்லை. "குற்றவாளி இல்லை" என்று ஓட்டுப் போட்ட கட்சித் தலைவர் மிட்ச் மெக்கானல், உடனே அதே அவையில் எழுந்து, நடந்ததற்கு நடைமுறையிலும் தார்மீகமாகவும் டிரம்ப்தான் பொறுப்பு என்று பேசினார். பதவியை விட்டுப் போனவரைத் தண்டிப்பது செனட்டின் வேலை இல்லையாம். அதற்கு நீதிமன்றங்கள் இருக்கின்றனவாம். எழுந்து ஓட்டுப் போடுவதற்கு முன்னால் பேசியிருக்கலாம்.

அடுத்து அரசியல் சாசனத்தின் 14ஆவது திருத்தம். உள்நாட்டுப் போருக்குப் பிறகு 1868இல் வந்தது. சாசனத்தைக் காப்பதாக உறுதிமொழி எடுத்துவிட்டுக் கிளர்ச்சியில் இறங்கியவர் மறுபடி பதவிக்கு வரக்கூடாது என்கிறது அதன் 3ஆவது பிரிவு. இதை வைத்து நியூ மெக்சிகோவில் ஜனவரி 6 கூட்டத்தில் இருந்த கூய் கிரிஃபின் என்ற கவுண்டி (மாவட்டம் மாதிரி) கமிஷனரை 2022இல் ஒரு நீதிபதி பதவியிலிருந்தே தூக்கினார். கொலராடோ உச்ச நீதிமன்றம் இதே பிரிவை டிரம்புக்குப் பயன்படுத்தியபோது, 2024 மார்ச் 4 அன்று நாட்டின் உச்ச நீதிமன்றம் ஒன்பது பேரும் சேர்ந்து அதை ரத்து செய்தது. தேசியப் பதவி விஷயத்தில் மாநிலங்களுக்கு அந்த அதிகாரம் இல்லை, காங்கிரஸ்தான் சட்டம் போட வேண்டும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு. ஒரு கவுண்டி கமிஷனருக்குப் பொருந்திய பிரிவு அதிபர் வேட்பாளருக்குப் பொருந்தாமல் போனது.

மூன்றாவது, மத்திய அரசின் குற்ற வழக்கு. சிறப்பு வழக்கறிஞர் ஜாக் ஸ்மித் நியமிக்கப்பட்டதே 2022 நவம்பரில்தான். குற்றப்பத்திரிகை 2023 ஆகஸ்டில். விசாரணை தொடங்குவதாக இருந்த நாள் 2024 மார்ச் 4, கொலராடோ தீர்ப்பு வந்த அதே நாள். ஆனால் அதற்குள் அதிபராக இருந்தவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் நின்றது. ஜூலை 1 அன்று 6க்கு 3 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: அதிபரின் மைய அதிகாரங்களுக்கு முழு விலக்கு, மற்ற அலுவல் செயல்களுக்கும் குறைந்தபட்சம் விலக்கு உண்டு என்றே முதலில் கொள்ள வேண்டும், சொந்தச் செயல்களுக்கு மட்டும் இல்லை. எது எந்த வகை என்று பிரித்துப் பார்க்க வழக்கு கீழ்நீதிமன்றத்துக்குத் திரும்பியது. நவம்பரில் டிரம்ப் வென்றார். பதவியில் இருக்கும் அதிபர்மீது வழக்கு நடத்துவதில்லை என்பது நீதித்துறையின் கொள்கை என்பதால் அதே மாதம் 25 அன்று வழக்கு முடிந்தது. தண்டனை வாங்கித் தரப் போதிய ஆதாரம் இருந்தது என்று ஸ்மித் தன் அறிக்கையில் எழுதிவிட்டுப் போனார். டிரம்ப் கடைசிவரை குற்றத்தை மறுத்தார்.

மிச்சம் இருந்தது எங்கள் ஜார்ஜியா வழக்கு. அதிபரின் மன்னிப்பு அதிகாரம் எட்டாத மாநில வழக்கு என்பதால் பலர் இதைத்தான் நம்பியிருந்தார்கள். 2023 ஆகஸ்டில் ஃபுல்டன் கவுண்டி அரசு வழக்கறிஞர் ஃபானி வில்லிஸ் 19 பேர்மீது வழக்குப் போட்டார். நான்கு பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் பார்த்தால், இந்த வழக்குக்காக அவர் நியமித்த வக்கீலோடு அவருக்கே காதல் உறவு இருந்தது வெளிவந்தது. இவ்வளவு பெரிய வழக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படி ஒரு காரியம் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விலக்கியது. எடுத்து நடத்த வேறு ஆள் கிடைக்காமல், கடைசியில் வழக்கைத் தானே ஏற்றுக்கொண்ட மாநில அரசு வழக்கறிஞர் கவுன்சிலின் தலைவர் பீட் ஸ்கண்டலாக்கிஸ் 2025 நவம்பர் 26 அன்று அதை முடித்துவைத்தார். இந்தச் சதி உருவானது வாஷிங்டனில், விசாரிக்க வேண்டியது மத்திய அரசு என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. மத்திய அரசு கைவிட்டு ஒரு வருடம் ஆன பிறகு!

எங்கள் தெருவில் ஒரு குடியரசுக் கட்சி நண்பர் இருக்கிறார், பழகுவதற்கு நல்ல மனிதர். "குற்றம் 2021இல், வழக்கு 2023இல், அதுவும் அவர் மறுபடி வேட்பாளரான பிறகு. இது பழிவாங்கல் இல்லாமல் வேறென்ன?" என்பார். தாமதத்தைப் பற்றி அவர் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். முதல் ஒன்றரை வருடத்தில் நீதித்துறை காட்டிய தயக்கத்துக்கு நல்ல காரணம் எதையும் நான் இதுவரை கேட்கவில்லை. ஆனால் தாமதமாக வந்ததால் குற்றச்சாட்டே பொய் என்று ஆகிவிடாது.

பிரேசிலையும் பாருங்கள். 2022 அதிபர் தேர்தலில் தோற்ற போல்சனாரோவின் ஆதரவாளர்கள் 2023 ஜனவரி 8 அன்று அரசுக் கட்டடங்களைச் சூறையாடினார்கள். ஆறே மாதத்தில் தேர்தல் நீதிமன்றம் அவரை 2030 வரை போட்டியிடத் தடை செய்தது. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 27 ஆண்டுகள் 3 மாதம் சிறைத் தண்டனை விதித்தது. அங்கே தேர்தலுக்கென்றே ஒரு நீதிமன்றம் இருப்பதால், முடிவெடுக்கும் சீட் எது என்ற குழப்பம் இல்லை. ஒரு சில நீதிபதிகள் கையில் இவ்வளவு அதிகாரம் குவியலாமா என்று பிரேசிலிலேயே கேட்கிறார்கள், அதுவும் நியாயமான கேள்விதான்.

அமெரிக்காவில் உருப்படியாக வேலை செய்தது அவதூறு வழக்கு. ஓட்டு இயந்திர நிறுவனமான டொமினியன், தன் இயந்திரங்களால் மோசடி நடந்ததாக ஒளிபரப்பிய ஃபாக்ஸ் நியூஸ் டிவிமீது போட்ட வழக்கில் 2023 ஏப்ரலில் 78.75 கோடி டாலர் வாங்கியது. அட்லாண்டாவில் ஓட்டு எண்ணிய தாயையும் மகளையும் மோசடிக்காரர்கள் என்று டிரம்பின் வக்கீல் ரூடி ஜூலியானி ஊர் ஊராகச் சொன்னார். கொலை மிரட்டல்களால் அந்த அம்மா வீட்டைவிட்டே வெளியேற வேண்டியிருந்தது. 14.8 கோடி டாலர் தர வேண்டும் என்று 2023 டிசம்பரில் ஜூரி தீர்ப்புச் சொன்னது. நியூயார்க்கிலும் வாஷிங்டனிலும் ஜூலியானியின் வக்கீல் உரிமமும் போயிற்று. பொய்க்கு விலை இருக்கிறது என்று காட்டிய ஒரே இடம் இதுதான். ஆனால் இது ஒருவரின் பெயரைக் கெடுத்ததற்கான விலை. ஒரு கோடி வாக்காளரின் ஓட்டைச் செல்லாக்காசாக்கப் பார்த்தால், அதற்காக அவதூறு வழக்குப் போட வழியில்லை.

2025 ஜனவரி 20 அன்று, பதவியேற்ற நாளிலேயே, ஜனவரி 6 வழக்குகளில் சிக்கிய சுமார் 1,500 பேருக்கு டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். 22 ஆண்டு தண்டனை பெற்ற, பிரவுட் பாய்ஸ் என்ற தீவிர வலதுசாரி அமைப்பின் தலைவர் என்ரிக்கே டாரியோவும் அதில் ஒருவர். நவம்பரில் ஜூலியானி, பென்ஸ் திட்டத்தை வகுத்த வக்கீல் ஜான் ஈஸ்ட்மன் போன்றோருக்கும் போலித் தேர்வாளர்களுக்கும் மன்னிப்பு வந்தது. இவர்கள்மீது மத்திய அரசு வழக்கே கிடையாது, ஆகவே சட்டப்படி அதற்குப் பெரிய பயன் இல்லை. ஆனால் அடுத்த முறை யாராவது "கையெழுத்துப் போடு" என்று ஒரு காகிதத்தை நீட்டினால், போடுகிறவருக்கு இந்த மன்னிப்பு ஞாபகம் வரும்.

அதனால் ஆபத்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் 2021இல் போன வழியில் மறுபடி போக முடியாது. 2022 டிசம்பரில் இரு கட்சியும் சேர்ந்து, தேர்வாளர் ஓட்டுகளை எண்ணுவது பற்றிய 1887ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தின. துணை அதிபரின் வேலை வெறும் சடங்கு என்று இப்போது எழுத்திலேயே இருக்கிறது. முன்பு அவைக்கு ஒரு உறுப்பினர் போதும், இப்போது ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டால்தான் ஆட்சேபமே எழுப்ப முடியும். 2025 ஜனவரி 6 அன்று கமலா ஹாரிஸ் தன் தோல்வியைத் தானே அறிவித்தபோது ஒரு ஆட்சேபம்கூட வரவில்லை.

இப்போது நான் கவலைப்படுவது கீழ்மட்டத்தைப் பற்றி. இந்தியாவில் போல ஒரே தேர்தல் ஆணையம் இங்கே கிடையாது. ஆயிரக்கணக்கான கவுண்டிகளும் ஊர்களும் தனித்தனியாக எண்ணி, அங்கங்கே இருக்கும் சிறிய குழுக்கள் முடிவுக்குச் சான்று தருகின்றன. 2022இல் நியூ மெக்சிகோவின் ஒட்டெரோ கவுண்டியில் சான்று தர மறுத்தார்கள், மாநில உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பிறகே தந்தார்கள். ஜார்ஜியாவிலும் 2024 தேர்தலுக்கு மூன்று மாதம் முன்னால், சான்று தரும் முன் கவுண்டி அதிகாரிகள் "நியாயமான விசாரணை" செய்யலாம் என்று மாநிலத் தேர்தல் வாரியம் ஒரு விதி கொண்டுவந்தது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் விசாரணைக்கு எல்லை எது என்று அதில் இல்லை. நல்லவேளை, சான்று தருவது கட்டாயக் கடமை, அதிகாரியின் விருப்பம் இல்லை என்று ஃபுல்டன் நீதிபதி ராபர்ட் மெக்பர்னி அந்த அக்டோபரில் தீர்ப்பளித்தார். அந்த விதியையும் நீதிமன்றம் நிறுத்தியது.

2021இல் அந்த போனை எடுத்த ராஃபென்ஸ்பெர்கர் 2026இல் ஆளுநர் பதவிக்குப் போட்டியிடப் போவதாக 2025இல் அறிவித்தார். ஆக, மாநிலச் செயலர் நாற்காலி காலியாகிறது. எங்கள் பக்கத்துத் தமிழ் வாட்ஸப் குழுக்களில் 2028இல் அதிபர் வேட்பாளர் யார் என்று இப்போதே சண்டை நடக்கிறது. இந்த நாற்காலிக்கு யார் யார் நிற்கிறார்கள் என்று நான் கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.