கூரையில் சூரியன், கம்பியில் சிக்கல்: வாசகர் கேள்வி–பதில்

எங்கள் தெருவில் ஆறு வீடுகளில் கூரைச் சோலார் போட்டிருக்கிறோம். நல்ல வெயில் அடிக்கும் மதிய நேரத்தில்தான் இன்வெர்ட்டர் நின்றுபோகிறது. கொஞ்ச நேரத்தில் தானாகவே ஓடுகிறது. பேனலைக் கழுவச் சொன்னார்கள். கழுவியும் பலனில்லை.
– வாசகர், நகரி, ஆந்திரா

பேனலில் அழுக்கு சேர்ந்தால் உற்பத்தி குறையும், அவ்வளவுதான். அதனால் இன்வெர்ட்டர் நிற்காது. அது நிற்கும் நேரத்தில் திரையைப் பாருங்கள். 'கிரிட் ஓவர் வோல்டேஜ்', அதாவது லைனில் வோல்டேஜ் வரம்பு மீறிவிட்டது என்று காட்டும். வீட்டு லைன் 230 வோல்ட். அதில் பத்து சதவீதம் கூடி 253-ஐத் தொட்டால் இன்வெர்ட்டர் தன்னைத் துண்டித்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மதியம் வீடுகளில் செலவு குறைவு, உற்பத்தி உச்சம். ஆறு வீட்டு மின்சாரமும் ஒரே கம்பி வழியே டிரான்ஸ்பார்மரை நோக்கித் தள்ளும்போது கம்பியின் தடை காரணமாக வீட்டுப் பக்கம் வோல்டேஜ் ஏறுகிறது.

குற்றம் உங்கள் வயரிலா, தெரு லைனிலா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மதியம் 12 மணிக்கு மீட்டர் அருகில் ஒரு அளவு, இன்வெர்ட்டர் அருகில் ஒரு அளவு எடுக்க வேண்டும். எலக்ட்ரீஷியனை வைத்தே அளக்கவும். இரண்டுக்கும் 5 வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வயர் மெலிந்தது. 5 கிலோவாட் இன்வெர்ட்டர் முழு வேகத்தில் 20 ஆம்பியருக்குக் குறையாமல் அனுப்பும். 4 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 100 மீட்டர் தூரம் போனால் போக வர சேர்த்து 18 வோல்ட் ஏறும். அதே தூரத்துக்கு 10 சதுர மி.மீ. போட்டால் ஏழு வோல்ட்டோடு நிற்கும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து வயரில் கை வைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

மீட்டரிலேயே 250 காட்டினால் வேலை மின்வாரியத்துடையது. ஆறு பேரும் சேர்ந்து, தேதி, நேரம், வோல்டேஜ் எழுதிய ஒரே மனுவாக ஏ.இ.யிடம் (மின்வாரிய உதவிப் பொறியாளர்) கொடுங்கள். இரண்டு விஷயங்களைக் கேளுங்கள். ஒன்று, ஆறு வீடும் ஒரே ஃபேஸில் இருந்தால் மூன்று ஃபேஸுக்கும் பிரித்துப் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் இதுவே தீர்வாகிவிடும், கம்பத்தில் அரை நாள் வேலை. இரண்டு, டிரான்ஸ்பார்மரில் டேப் (வோல்டேஜைப் படிப்படியாகக் கூட்டிக் குறைக்கும் இணைப்பு) மாற்றும் வசதி இருந்தால் ஒரு படி இறக்கச் சொல்லலாம். சிறிய டிரான்ஸ்பார்மர்களில் அந்த வசதி பெரும்பாலும் இருக்காது. இருந்தாலும் இரவில் கடைசி வீட்டுக்கு வோல்டேஜ் போதாமல் போகாதா என்று பார்த்துத்தான் செய்ய வேண்டும். தனித்தனியாகப் புகார் எழுதினால் தனித்தனியாகத்தான் பதில் வரும்.

இன்வெர்ட்டரின் 253 வரம்பை 265 ஆக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டு டிவியும் ஃப்ரிட்ஜும் அதை அனுபவிக்கும்.

எங்கள் பால் சொசைட்டியில் காலை, மாலை சேர்த்து ஆயிரம் லிட்டர் வருகிறது. பாலை மொத்தமாகக் குளிர்விக்கும் பல்க் கூலருக்கு 5 கிலோவாட் சோலார் போதுமா? மானியம் உண்டா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு

ஆயிரம் லிட்டர் பாலை 35 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்கக் கணக்குப்படி ஏறக்குறைய 14 யூனிட் ஆகும். கலக்கி மோட்டாரும் வெளியே போகும் குளிரும் சேர்த்தால் 16 முதல் 20 வைத்துக்கொள்ளலாம். 5 கிலோவாட் ஆண்டுச் சராசரியில் நாளுக்கு 20 யூனிட் தரும். ஆனி, ஆடியில் அதைவிடக் குறையும். ஆக அளவு சரி, நேரம்தான் ஒத்துப்போகாது. பால் வருவது காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும். வெயில் உறைப்பது பத்து முதல் மூன்று வரை. அதனால் பகலில் மிஞ்சுவதை மின்வாரியத்துக்குக் கொடுத்து, வேண்டும்போது வாங்கும் மீட்டர் ஏற்பாடு உங்கள் இணைப்புக்கு எந்த நிபந்தனையில் கிடைக்கும் என்று கே.எஸ்.இ.பி. (கேரள மின்வாரியம்) செக்‌ஷன் அலுவலகத்தில் எழுத்தில் கேட்ட பிறகுதான் முன்பணம் கொடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் பொள்ளாச்சியில் சொந்தக்காரர் எப்படிப் போட்டார் என்ற கதை இங்கே செல்லாது. மாநிலத்துக்கு மாநிலம் ஒழுங்குமுறை வேறு.

பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என்று தருவது வீடுகளுக்கு. சொசைட்டிக் கட்டடத்துக்கு அது பொருந்தாது. அந்தக் காசை எதிர்பார்த்துத் தீர்மானம் போடாதீர்கள்.

சோலாருக்கு முன்பே செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. கூலருக்குள் போகும் முன் பாலை ஒரு பிளேட் கூலர் வழியே கிணற்று நீரால் குளிர்வித்தால் 35 டிகிரி 30 ஆகும். இறக்க வேண்டிய 31 டிகிரியில் ஐந்து, அதாவது ஆறில் ஒரு பங்கு, மின்சாரமின்றியே போய்விடும். வெதுவெதுப்பான அந்தத் தண்ணீர் கேன் கழுவ உதவும்.

பொருத்தும்போது பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மறக்க வேண்டாம். 540 வாட் பேனல் சுமார் 28 கிலோ, இரண்டரை சதுர மீட்டர் பரப்பு; பத்து பேனல் சேர்ந்தால் காற்றுக்கு அது ஒரு கப்பல் பாய்தான். தெற்கு நோக்கி 10 டிகிரி சாய்வு போதும். தூக்கிக் கட்டினால் நிழல் கிடைக்கும், காற்றும் கூடும். ஒவ்வொரு பேனலுக்கும் நான்கு கிளாம்ப், கால்களுக்குக் கான்கிரீட் பீடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரை என்றால் அதன் மேல் வேண்டவே வேண்டாம்.

ஜெனரேட்டர் இருக்கிறதா? அப்படியானால் சோலார் இன்வெர்ட்டரை சேஞ்ச்ஓவர் சுவிட்சுக்கு (லைனுக்கும் ஜெனரேட்டருக்கும் மாற்றும் சுவிட்ச்) மின்வாரியப் பக்கம் இணைக்கச் சொல்லுங்கள். ஜெனரேட்டர் பக்கம் இணைத்தால் கூலர் நின்ற நொடியில் மிஞ்சும் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பப் பாயும்.

ஏலக்காய்த் தோட்டத் தொழிலாளர்களின் லயன் (வரிசை) வீடுகளுக்கு ஓடைத் தண்ணீரில் கரன்ட் எடுக்க முடியுமா?
– வாசகர், பூப்பாறை, இடுக்கி

முடியும், வறட்சியிலும் ஓடை ஓடினால். 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று மாசி, பங்குனியில் பாருங்கள். மழைக்கால அளவை நம்பி வாங்கியவர்கள் கோடையில் டர்பைனைத் துணி போட்டு மூடி வைத்திருப்பார்கள். நொடிக்கு எத்தனை லிட்டர், எத்தனை மீட்டர் உயரம் என்று பெருக்கி, அதை ஐந்தால் பெருக்கினால் வாட் கிடைக்கும். நொடிக்கு 10 லிட்டர், உயரம் 12 மீட்டர் என்றால் 600 வாட். சின்னதாகத் தெரியும், ஆனால் இருபத்து நான்கு மணி நேரமும் ஓடி 14 யூனிட் தரும்.

அதற்கு 110 மி.மீ. எச்.டி.பி.இ. குழாய் வேண்டும். குழாய் வாயில் இலைதழை வடிகட்டியும், மணல் தங்க ஒரு சிறு தொட்டியும் கட்டுங்கள். அடைப்பு எடுக்கிற முறை யாருடையது என்று வீட்டுக்கு ஒரு நாள் எழுதி வையுங்கள். ஊர்த்திட்டங்கள் நின்றுபோவது பெரும்பாலும் இந்த ஒரு வேலை நடக்காததால்தான்.

எலக்ட்ரானிக் லோடு கன்ட்ரோலர் இல்லாமல் ஓட்ட வேண்டாம். எல்லோரும் விளக்கை அணைத்தால் டர்பைன் வேகம் பிடித்து வோல்டேஜ் எகிறும், எரிகிற மிச்ச பல்புகள் போய்விடும். கன்ட்ரோலர் மிச்சத்தை ஒரு வெந்நீர் ஹீட்டருக்குத் திருப்பிவிடும். ஓடை வனத்துறை எல்லைக்குள் என்றால் குழாய் போடும் முன்பே அனுமதி வாங்க வேண்டும்.

ஓடந்துறை போல எங்கள் பஞ்சாயத்தும் காற்றாலை வாங்கினால் என்ன?
– வாசகர், வேலந்தாவளம்

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை 2006-இல் சுமார் ஒன்றரைக் கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. பெரும்பகுதி வங்கிக் கடன். எல்லோரும் கவனிக்காத விஷயம், காற்றாலை ஊரில் நிற்கவில்லை. காற்று உள்ள உடுமலைப் பக்கம் நிற்கிறது. உங்கள் ஊரில் காற்று வீசுகிறதே என்று இடம் முடிவு செய்யாதீர்கள். நடும் உயரத்தில் ஓராண்டுக் காற்று அளவு இல்லாமல் வங்கியும் பேசாது. காற்றுதான் என்றில்லை. பாலக்காடு மாவட்டப் பஞ்சாயத்து மீன்வல்லத்தில் 3 மெகாவாட் சிறு நீர்மின் நிலையம் கட்டி 2014-இல் ஓட்டத் தொடங்கியது. அது மாவட்ட அளவில் நடந்த வேலை. ஒரு கிராமப் பஞ்சாயத்துக்குத் தெருவிளக்கை எல்.இ.டி. ஆக்குவதும் தண்ணீர்ப் பம்பு மோட்டாரின் திறனைச் சரிபார்ப்பதும் முதலில். கடன் அதற்குப் பிறகு.

கரன்ட் போனால் எங்கள் சோலாரும் நின்றுவிடுகிறதே, பழுதா?
– வாசகி, செங்கோட்டை

பழுதில்லை. லைனில் லைன்மேன் கை வைத்திருக்கும்போது உங்கள் கூரையிலிருந்து மின்சாரம் போகக்கூடாது என்பதற்காக அப்படி. மின்வெட்டு நேரத்திலும் வேண்டுமானால் ஹைப்ரிட் (லைனோடும் பேட்டரியோடும் ஓடும்) இன்வெர்ட்டரும் பேட்டரியும் வேண்டும். நான்கு விளக்கு, மூன்று ஃபேன், ஒரு டிவிக்கு 2 முதல் 3 யூனிட் லித்தியம் பேட்டரி ஆறேழு மணி நேரம் தாங்கும். மிக்சி, கிரைண்டரைப் பேட்டரியோடு சேராத தனி சர்க்யூட்டில் வைத்துவிடுங்கள்.