கியர் முரண்டு பிடிக்கிறதா? பட்டறைக்காரர் பதில்கள்

வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "கியர்பாக்ஸ் போய்விட்டதா?" என்ற பயத்தோடுதான் தொடங்குகின்றன. முப்பது வருடமாக ஸ்பானர் பிடிப்பவன் சொல்கிறேன், கியர் புகாரோடு வரும் பைக்குகளில் இன்ஜினைப் பிரிக்க வேண்டி வருவது ரொம்பக் குறைவு. பெரும்பாலும் கோளாறு கேபிளில், செயினில், ஆயிலில் இருக்கும். சில நேரம் ஓட்டுபவரின் காலிலேயே இருக்கும்.

கேள்வி (150 சிசி, 38,000 கி.மீ., ஈரோடு): அண்ணே, ஓடும்போது எல்லா கியரும் அருமையாக விழுகிறது. சிக்னலில் நின்றால் மட்டும் நியூட்ரல் வரவே மாட்டேன் என்கிறது. முதலுக்கும் இரண்டுக்கும் நடுவே மாறி மாறித் தட்டிக்கொண்டே இருக்கிறேன். இன்ஜினை அணைத்தால் உடனே விழுந்துவிடுகிறது.

பதில்: தம்பி, உங்கள் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. இன்ஜினை அணைத்ததும் விழுகிறது என்றால் கியர்பாக்ஸ் மேல் குற்றமில்லை. கிளட்ச் முழுசாகப் பிரியவில்லை. நீங்கள் லீவரைப் பிடித்திருந்தாலும் கிளட்ச்சுக்குள் இருக்கும் பிளேட்டுகள் ஒன்றோடொன்று உரசி, இன்ஜின் சுழற்சியைக் கொஞ்சம் உள்ளே கடத்திக்கொண்டே இருக்கின்றன. கியர்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளப் பக்கவாட்டில் முட்டுப் பற்கள் உண்டு. அவற்றின் மேல் இழுவை இருக்கும்வரை அவை நழுவி வெளியே வராது. இழுவை விட்டதும் வெண்ணெய் மாதிரி வந்துவிடும்.

முதலில் கிளட்ச் லீவரின் நுனியைத் தொட்டு ஆட்டிப் பாருங்கள். பெரும்பாலான நம் ஊர் வண்டிகளில் 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை சும்மா ஆட வேண்டும். அதற்கு மேல் ஆடினால் கேபிள் தளர்ந்திருக்கிறது. ஹேண்டில் பக்க நட்டில் திருத்துங்கள். அங்கே திருகு முடிந்துவிட்டால் இன்ஜின் பக்க நட்டுக்குப் போங்கள். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடவும் கூடாது, கிளட்ச் வழுக்கிப் பிளேட் கருகும். கேபிளின் முனையில் ஒரு இழையாவது பிய்ந்திருந்தால் திருத்துவதே வீண், கேபிளையே மாற்றுங்கள்.

அப்புறம் ஐடிலிங், அதாவது ஆக்சிலேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும் வேகம். சூடான பிறகு நிமிடத்துக்கு 1,400 சுற்றுப் பக்கம் இருக்க வேண்டியதை யாராவது 2,000-க்கு ஏற்றி வைத்திருந்தால், நல்ல கிளட்ச்சும் இழுக்கத்தான் செய்யும்.

இரண்டும் சரியாக இருந்தால் ஒரு சோதனை. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, கிளட்ச்சைப் பிடித்தபடி முதல் கியர் போடுங்கள். பின் சக்கரம் மெதுவாகச் சுற்றும். ஆயில் பிசுக்கில் அது இயல்பு. பின் பிரேக்கைப் பதமாக மிதியுங்கள். சக்கரம் நின்று இன்ஜின் அதே சத்தத்தில் ஓடினால் கிளட்ச் நன்றாக இருக்கிறது. இன்ஜின் திணறினால் கிளட்ச் கவரைக் கழற்ற வேண்டியதுதான்.

கவரைக் கழற்றினால் இரும்புத் தகடுகளைக் கண்ணாடி மேல் வைத்து வளைந்திருக்கிறதா பார்க்கச் சொல்லுங்கள். அதைவிட முக்கியம் கிளட்ச் ஹவுசிங், பிளேட்டுகள் உட்காரும் கூடை. அதன் விரல்களில் பிளேட் இடித்து இடித்துப் பள்ளம் விழுந்திருக்கும். பிளேட் பிரிந்து நகரப் பார்க்கும்போது அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். லேசான பள்ளத்தை அரத்தால் சமன் செய்யலாம், ஆழமாக இருந்தால் ஹவுசிங்கையே மாற்ற வேண்டும். பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு ஹவுசிங்கைப் பார்க்காமல் மூடிக் கொடுத்த வண்டிகள் மாதம் திரும்புவதற்குள் அதே புகாரோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன். புதுப் பிளேட்டை மாட்டுவதற்கு முன் ஒரு ராத்திரி இன்ஜின் ஆயிலில் ஊறவிட வேண்டும். அவசரத்தில் பலர் இதை விட்டுவிடுகிறார்கள்.

அதுவரைக்கும் ஒரு வழி: வண்டி நிற்பதற்கு முன்பே, கடைசி ஒன்றிரண்டு அடி உருளும்போது, இரண்டாவது கியரிலிருந்து நியூட்ரலுக்குத் தட்டிவிடுங்கள்.

கேள்வி: காலையில் முதல் கியர் போட்டதும் "டக்" என்று சத்தம். ஏதாவது உடைகிறதா?

பதில்: இல்லை. ராத்திரி முழுக்க நின்றதில் பிளேட்டுகள் ஆயிலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஸ்டார்ட் செய்யும் முன் நியூட்ரலில் கிளட்ச்சை நான்கைந்து தடவை இழுத்து விடுங்கள். கியர் போடும்போதும் கிளட்ச்சைப் பிடித்து இரண்டு நொடி பொறுத்து மிதியுங்கள். சத்தம் குறையும், முழுசாகப் போகாது.

கேள்வி (125 சிசி, திருநெல்வேலி): அண்ணா, காருக்கு வாங்கிய விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில் ஒரு லிட்டர் மீதி இருக்கிறது. அதை பைக்கில் ஊற்றினால் கியர் இன்னும் மிருதுவாகும் என்கிறான் நண்பன்.

பதில்: நண்பனை ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். காரில் இன்ஜினுக்கு ஒரு ஆயில், கியர்பாக்ஸுக்கு வேறு ஆயில், கிளட்ச் காய்ந்தே ஓடும். நம் பைக்குகள் பெரும்பாலானவற்றில் ஒரே ஆயில்தான் பிஸ்டனையும் நனைத்து, கியரையும் நனைத்து, கிளட்ச்சையும் குளிப்பாட்டுகிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு. இன்ஜினுக்கு அது நல்லது. ஆனால் கிளட்ச் வேலை செய்வதே உராய்வால்தானே? டப்பாவில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்டிருக்கிறதா பாருங்கள். நனைந்த கிளட்ச்சுக்கு ஏற்றது என்பதற்கான ஜப்பானியத் தர அடையாளம் அது. எம்பி என்று இருந்தால் கியர் பைக்குக்கு வேண்டாம், அது ஸ்கூட்டருக்கானது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பழசாகப் பழசாகக் கியர் கரடுமுரடாவதற்கு ஆயில் அழுக்காவது மட்டும் காரணமில்லை. கியர் பற்கள் ஆயிலை நசுக்கி நசுக்கி, கெட்டித்தன்மையைத் தாங்கிப் பிடிக்கும் நீண்ட மூலக்கூறுகளைத் துண்டாக்கிவிடுகின்றன. ஆயில் தண்ணீர் மாதிரி நீர்த்துவிடும். அதனால்தான் ஆயில் மாற்றிய அன்று கியர் அவ்வளவு சுகமாக விழுகிறது. வண்டிப் புத்தகத்தில் ஆயிலின் கெட்டித்தன்மை 10டபிள்யூ-30 என்று இருந்தால் அதையே ஊற்றுங்கள். "நம்ம ஊர் வெயிலுக்கு" என்று இன்னும் கெட்டியான 20டபிள்யூ-50-க்குத் தாவினால் காலைக் குளிரில் கிளட்ச் இன்னும் இழுக்கும்.

கேள்வி (160 சிசி, ஓசூர்): நான்கிலிருந்து ஐந்துக்குப் போகும்போது சில நேரம் நடுவில் தொங்கிவிடுகிறது. ஆக்சிலேட்டர் கொடுத்தால் இன்ஜின் மட்டும் கத்துகிறது.

பதில்: இதுதான் ஃபால்ஸ் நியூட்ரல், இரண்டு கியருக்கு நடுவே எதிலும் மாட்டாமல் நிற்பது. முதல் சந்தேகம் உங்கள் கால் மேல்தான், கோபிக்க வேண்டாம். லீவரைத் தட்டிவிட்டு உடனே காலை எடுத்துவிடுகிறீர்களா? மேலே தூக்கி, கிளட்ச் முழுசாக விடும்வரை காலை அங்கேயே வைத்திருந்து பாருங்கள். மாற்றப் போகும் முன்பே கால் விரலால் லீவருக்கு லேசான அழுத்தம் கொடுத்து வைத்தால் இன்னும் நல்லது. ஆக்சிலேட்டரை விட்டு, கிளட்ச்சைத் தொட்ட நொடியில் கியர் தானே ஏறிக்கொள்ளும். கிளட்ச்சை ஹேண்டில்வரை இழுக்கத் தேவையே இல்லை. ஆனால் மாற்றி முடித்த பிறகும் ஓட்டம் முழுக்கக் காலை லீவர் மேல் ஓய்வெடுக்க விடாதீர்கள், உள்ளே கியர்களை நகர்த்தும் ஃபோர்க் தேயும்.

ஒரு வாரம் இப்படி ஓட்டியும் தொங்கினால், ஃபோர்க்குகளை நகர்த்தும் கியர் டிரம்மை ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தும் சின்ன உருளையும் அதன் ஸ்பிரிங்கும் சோர்ந்திருக்கலாம். பல வண்டிகளில் அது கிளட்ச் பக்கக் கவருக்குள்ளேயே இருக்கிறது, இன்ஜினை இரண்டாகப் பிளக்க வேண்டாம்.

உண்மையாகவே பயப்பட வேண்டியது வேறு ஒன்று. கியர் சரியாக விழுந்து, இழுவை கொடுத்து ஓட்டும்போது ஒரே ஒரு குறிப்பிட்ட கியர் மட்டும் தானாகத் துள்ளி வெளியே வந்தால், முட்டுப் பற்களின் மூலை மழுங்கிவிட்டது அல்லது ஃபோர்க் வளைந்துவிட்டது. அதற்கு ஆயிலும் இல்லை, அட்ஜஸ்ட்மென்ட்டும் இல்லை.

கேள்வி: செயினை இறுக்கினால் கியர் மிருதுவாகும் என்றார் எங்கள் மாமா. சம்பந்தமே இல்லையே சார்?

பதில்: மாமா சொன்னது சரி. தொங்கும் செயின் ஒவ்வொரு மாற்றத்திலும் தளர்ந்து இழுக்கும். அந்த உதறல் நேராகக் கியர்பாக்ஸுக்குத்தான் போகிறது. சின்ன வண்டிகளில் 20 முதல் 30 மில்லிமீட்டர் வரை தளர்வு சரி, உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்று புத்தகத்தில் இருக்கும். சக்கரத்தைச் சுற்றி, செயின் மிக இறுக்கமாக வரும் இடத்தில் அளக்க வேண்டும். பின் சக்கர ஹப்புக்குள் இருக்கும் ரப்பர் துண்டுகளையும் பாருங்கள். செயின் ஓடும் பல் சக்கரமான ஸ்ப்ராக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டினால் ரொம்ப ஆடுகிறதா? ரப்பர் தேய்ந்துவிட்டது. மலிவான பொருள், மாற்றினால் வித்தியாசம் உடனே தெரியும்.

கேள்வி (125 சிசி, தஞ்சாவூர்): எனக்குக் கால் சின்னது. லீவருக்கு அடியில் விரலை நுழைக்கக் காலையே தூக்க வேண்டியிருக்கிறது. கியர் பாதியில் நிற்கிறது.

பதில்: மெக்கானிக் யாரும் வேண்டாம் அம்மா, 10 மில்லிமீட்டர் ஸ்பானர் போதும், நிறைய வண்டிகளில். லீவர் போல்ட்டை முழுசாகக் கழற்றுங்கள். தளர்த்தினால் போதாது, அது இன்ஜினிலிருந்து வரும் பல் வெட்டிய தண்டின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். லீவரை உருவி, ஒரு பல் தள்ளி மாட்டுங்கள். ஃபுட்ரெஸ்டில் கால் வைத்தபடியே விரல் உள்ளே போய் வர வேண்டும். லீவருக்கும் தண்டுக்கும் நடுவே இணைப்புக் கம்பி இருக்கும் வண்டி என்றால் அதன் இரு முனையையும் மண்ணெண்ணெயால் துடைத்து கிரீஸ் வையுங்கள். சேறு காய்ந்து கெட்டியாகியிருக்கும்.

கேள்வி: அப்பாவின் பழைய யெஸ்டி. கிளட்ச்சைத் தொடாமலேயே அவர் கியர் மாற்றுவார். எப்படி?

பதில்: வித்தை அப்பாவிடம் இல்லை, வண்டியில் இருக்கிறது! மைசூரில் செய்த அந்த வண்டிகளில் கியர் லீவரை மிதிக்கும்போதே உள்ளே கிளட்ச்சும் சேர்ந்து பிரியும். கிக்கரும் கியர் லீவரும் ஒன்றேதான். லீவரை மெதுவாகத் திரும்ப விட்டால் கிளட்ச்சும் மெதுவாகப் பிடிக்கும். ஆக அந்த வண்டியில் கால்தான் கிளட்ச். வேறு வண்டியில் இதைப் பழகிப் பார்க்காதீர்கள்.

கேள்வி (பழைய 350 புல்லட், வலப்பக்கக் கியர்): நியூட்ரலுக்கு எனத் தனியாக ஒரு சின்ன லீவர் இருக்கிறதே, அதை எப்போது மிதிப்பது?

பதில்: முதல் கியரைத் தவிர எந்தக் கியரிலிருந்தும். கிளட்ச்சைப் பிடித்து, குதிகாலால் அழுத்துங்கள், நேராக நியூட்ரல். அந்த வண்டிக்கு முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. கியர்பாக்ஸும் இன்ஜினிலிருந்து தனி டப்பா, இன்ஜின் ஆயிலை மாற்றிவிட்டுக் கியர் மாறவில்லையே என்று பார்க்காதீர்கள்.

கேள்வி (திருச்சி): சார், மூன்றாவது கியர் மட்டும் கடகடக்கிறது. இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். நம்பலாமா?

பதில்: சந்தேகப்படுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வடிகட்டும் போல்ட்டையும் வலைச் சல்லடையையும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் மை மாதிரி இழுபட்டால் அது வழக்கமான தேய்மானம், வேறு இடத்தில் தேடச் சொல்லுங்கள். நகத்தில் தட்டுப்படும் அளவுக்கு இரும்புச் சில்லு கிடைத்தால் அவர் சொல்வது சரி. வண்டியை அதற்கு மேல் ஓட்டாமல் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.