ஓடும் படத்துக்கு உரை

வணக்கம். ஆர்சன் வெல்ஸ் எடுத்த 'சிட்டிசன் கேன்' படத்தின் டிவிடியில், அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் படம் ஓட ஓட அதைப் பற்றிப் பேசியிருக்கும் கமென்டரியைக் கேட்கச் சொல்லி நீங்கள் எழுதியிருந்தீர்கள். நண்பரிடம் அந்த டிஸ்க்கை இரவல் வாங்கிக் கேட்டேன். இருபது நிமிடத்துக்கு மேல் முடியவில்லை. வசனம் சரியாகக் காதில் விழவில்லை. பக்கத்து சீட்டில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு ஓயாமல் பேசுவது போல இருந்தது. படத்தை எடுத்தவரே பேசினாலாவது கேட்கலாம். வெளியாள் ஒருவர் சொல்வதை நான் எதற்குக் கேட்க வேண்டும்? அதையே கட்டுரையாக எழுதினால் நிதானமாகப் படித்துக்கொள்ளலாமே?

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

கமென்டரியைப் போடுவதற்கு முன்னால் படத்தைத் தனியாகப் பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி எதுவும் இல்லை. பார்க்காமல் நேராக இதைக் கேட்டிருந்தால் உங்கள் எரிச்சலில் தவறே இல்லை. மூலத்தைத் தொடாமல் உரையைப் பிரித்து வைத்துக்கொண்டால் இரண்டுமே கைக்கு வராது. பேச்சு வரும் இடங்களில் படத்தின் ஒலியைத் தாழ்த்தித்தான் இந்தத் தடத்தைக் கலப்பார்கள், அதனால் வசனம் அமுங்கத்தான் செய்யும். ஒரு முறை படத்தை மட்டும் பாருங்கள். நாலைந்து நாள் போகட்டும். அப்புறம் சப்டைட்டிலைப் போட்டுக்கொண்டு கமென்டரியைக் கேளுங்கள். வசனம் கண்ணுக்கு, உரை காதுக்கு.

கட்டுரையாகப் படித்தால் போதாதா என்ற கேள்விதான் முக்கியமானது. அதே படத்திலிருந்து ஒரு காட்சியைச் சொல்கிறேன். 1929 பொருளாதார வீழ்ச்சியில் நொடித்துப்போன பத்திரிகை அதிபர் கேன், தன் பத்திரிகைகள் மீதிருந்த அதிகாரத்தைக் கையெழுத்திட்டு விட்டுக்கொடுக்கும் இடம். மேசையருகே அவனுடைய மேலாளர் பெர்ன்ஸ்டைனும் வங்கியாளர் தாட்சரும் இருக்கிறார்கள். பின்சுவரில் சன்னல்கள். பார்த்தால் சாதாரண அறைச் சன்னல்கள் போலத்தான் தெரியும். கேன் எழுந்து பின்பக்கமாக நடக்கிறான். நடக்க நடக்கச் சிறுத்துக்கொண்டே போகிறான். சுவரை எட்டும்போது சன்னலின் அடிச்சட்டமே அவன் தலைக்கு மேலே இருக்கிறது! அவ்வளவு பெரிய சன்னல், அவ்வளவு ஆழமான அறை. சாம்ராஜ்யத்தை இழந்தவன் அதன் கீழே ஒரு சிறுவனைப் போல நிற்கிறான். பிறகு திரும்பி நடந்து வந்து, மறுபடி பெரிய ஆளாகி மேசைக்கு வருகிறான். வெட்டே இல்லை, ஒரே ஷாட். அருகில் உள்ளதும் தொலைவில் உள்ளதும் ஒரே கூர்மையில் தெரியும்படி கிரெக் டோலண்ட் ஒளிப்பதிவு செய்திருப்பதால்தான் இந்த ஏமாற்று பலிக்கிறது.

இப்போது நான் எழுதி நீங்கள் படித்துவிட்டீர்கள். ஈபர்ட்டும் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் படித்தபோது உங்களுக்குக் கிடைத்தது தகவல் மட்டும்தான். படம் ஓடும்போது, அவன் முதல் அடி எடுத்து வைக்கும் நேரத்தில் 'அந்தச் சன்னலைக் கவனியுங்கள்' என்று ஒரு குரல் சொன்னால் உங்கள் கண்ணே ஏமாந்து, உங்கள் கண்ணே தெளியும். ஒரு நொடி முந்திச் சொன்னால் புரியாது, பிந்திச் சொன்னால் ஷாட் போய்விடும். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் அரங்கேற்று காதையின் சில வரிகளுக்கு உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் பக்கம் பக்கமாக உரை எழுதுகிறார். அதுவரை மாதவி காத்திருப்பாள். படம் யாருக்கும் காத்திருக்காது. கமென்டரி சொல்பவருக்குக் கிடைப்பது ஷாட்டின் நீளம் மட்டும்தான். எதைச் சொல்வது, எதை விட்டுவிடுவது, எங்கே வாயை மூடிக்கொள்வது என்பதெல்லாம் அந்த நெருக்கடிக்குள் முடிவாக வேண்டும். நான் இதைத் தனிக் கலையாகவே மதிக்கிறேன்.

அந்தக் கலை ஈபர்ட்டுக்குச் சும்மா வந்துவிடவில்லை. அமெரிக்காவின் போல்டர் நகரில் ஆண்டுதோறும் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு நாள்கணக்கில் பார்வையாளர்களோடு உட்காருவார். இருட்டில் யார் வேண்டுமானாலும் 'நிறுத்துங்கள்' என்று குரல் கொடுக்கலாம். படம் நிற்கும், பேசுவார்கள், பிறகு ஓடும். இப்படிப் பல ஆண்டுகள் நிறுத்தி நிறுத்திப் பார்த்தவர் என்பதால்தான் டிவிடியில் நிறுத்தாமலே பேச அவரால் முடிந்தது.

'எடுத்தவர் பேசினால் சரி' என்கிறீர்கள். ஆர்சன் வெல்ஸ் இறந்தது 1985-இல், இந்த டிவிடி வந்தது 2001-இல். அவருடைய நண்பரான இயக்குநர் பீட்டர் போக்டனோவிச் பேசிய இன்னொரு கமென்டரியும் இதே டிஸ்க்கில் இருக்கிறது. நட்பில் தெரிந்தது அதில் கிடைக்கும், அதற்கு மதிப்பு உண்டு. ஆனால் எடுத்தவர்களின் கமென்டரிகளில் பெரும்பாலும் நான் கேட்பது படப்பிடிப்பு நினைவுகள்தான். அன்று மழை பெய்தது, இந்த நடிகர் தாமதமாக வந்தார் என்கிற வகை. திரையில் இருப்பதை அவர்களால் புதிதாகப் பார்க்க முடிவதில்லை. பார்ப்பது வெளியாளின் வேலை. வள்ளுவரே எழுதிய உரை இருந்தால்தான் குறளைப் படிப்பேன் என்று நாம் யாரும் சொல்வதில்லையே.

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்ததும் ஒரு வெளியாள்தான். 1984-இல் கிரைட்டீரியன் நிறுவனம் 1933-இன் 'கிங் காங்' படத்தை, டிவிடிக்கு முன்பிருந்த லேசர் டிஸ்க்கில் கொண்டுவந்தது. லேசர் டிஸ்க்கில் இரண்டு ஒலித்தடங்கள் உண்டு. படமோ மோனோ, அதாவது ஒற்றைத் தட ஒலி, ஒரு தடம் போதும். மிச்சமிருந்த தடத்தில், லாஸ் ஏஞ்சலஸ் கலை அருங்காட்சியகத்தின் திரைப்படப் பிரிவிலிருந்த ரொனால்ட் ஹேவரைப் பேச வைத்தார்கள். படங்களைத் தேடிக் காப்பாற்றுவதையே வேலையாகக் கொண்டிருந்த மனிதர். 1954-இன் 'எ ஸ்டார் இஸ் பார்ன்' படத்திலிருந்து வெட்டி எறியப்பட்ட பகுதிகளைத் தேடிச் சேர்த்தவர் அவர்தான். சும்மா கிடந்த ஒரு தடத்திலிருந்து இத்தனையும் கிளம்பியது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

மோசமான கமென்டரிகளும் நிறைய உண்டு, மறைக்கவில்லை. 'இப்போது அவன் கதவைத் திறக்கிறான்' என்று நமக்குத் தெரிவதையே சொல்பவர்கள் உண்டு. ஒவ்வொரு துணை நடிகர் தலை காட்டும்போதும் அவர் நடித்த படங்களின் பட்டியலை ஒப்பிப்பவர்களும் உண்டு. அப்படி வந்தால் பத்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், குற்றவுணர்வே வேண்டாம்.

ஈபர்ட் ஒத்துவரவில்லை என்றால் ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் 'ஏழு சாமுராய்'க்குப் போங்கள். 207 நிமிடப் படம். மைக்கேல் ஜெக் என்பவர் ஒற்றை ஆளாக முழுப் படத்துக்கும் பேசியிருக்கிறார். பிறகு வந்த பதிப்பில் டொனால்ட் ரிச்சி, ஸ்டீபன் பிரின்ஸ் உட்பட ஐந்து அறிஞர்கள் படத்தைப் பங்கு போட்டுக்கொண்டு பேசும் இன்னொரு தடமும் உண்டு. ஐவரிடம் விஷயம் அதிகம். ஆனாலும் எனக்கு ஒற்றைக் குரல்தான் பிடிக்கும். முதல் மணியில் சொன்னதை மூன்றாம் மணியில் நினைவுபடுத்த, கூடவே வந்த ஒருவரால்தான் முடியும்.

இப்போது என் கவலையெல்லாம் வேறு. படங்கள் ஓடிடிக்கு வந்துவிட்டன, கமென்டரிகள் பெரும்பாலும் வரவில்லை. கிரைட்டீரியனின் சேனல் போலச் சில இடங்களில் மட்டும் கேட்கலாம். டிஸ்க்கோடு இந்தக் குரல்களும் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. நண்பரிடம் வாங்கிய டிஸ்க்கைத் திருப்பிக் கொடுக்கும்போது பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு யோசனையும் ஈபர்ட்டுடையதுதான். ரசிகர்களே தங்களுக்குப் பிடித்த படத்துக்குப் பேசிப் பதிவு செய்து எம்பி3-ஆகப் பகிரலாம் என்று எழுதினார். தமிழில் நாம் ஏன் செய்யக் கூடாது? உங்களுக்கு மனப்பாடமான படம் ஒன்று இருக்கும். அதில் பத்து நிமிடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஓடவிட்டு, நிறுத்தாமல், செல்போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். எந்த ஷாட்டில் தொடங்குகிறீர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போதுதான் கேட்பவர் படத்தோடு சேர்த்து ஓடவிட முடியும். எனக்கு அனுப்புங்கள். நானும் அந்தப் படத்தைப் போட்டுக்கொண்டு கேட்கிறேன்.