முனையில் குளிர், மறைவில் பழுப்பு

வணக்கம் சார்,
கடல் முனைகளில் ஆழத்து நீர் மேலே வருவதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நாங்கள் கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். போன மே மாதம் ஒரே நாளில் காலையில் ஆன்யோ நுவேவோ முனைக்கும் சாயங்காலம் சான்ட்டா குரூஸ் கடற்கரைக்கும் போனோம். முனையில் பாதத்தை நனைத்ததுமே விறைத்துவிட்டது, தண்ணீரும் தெளிவு. தெற்கே முப்பது கிலோமீட்டர் வந்தால் பிள்ளைகள் தாக்குப்பிடித்து விளையாடும் அளவுக்கு வெதுவெதுப்பு, ஆனால் தண்ணீர் பழுப்பு! சத்து மேலே வருவது முனையில் என்றால் பாசியும் அங்கேதானே பெருக வேண்டும்? இந்தப் பழுப்பு சாக்கடையோ என்றும் பயமாக இருக்கிறது.
– கவிதா

அன்புள்ள கவிதா,

முனையில் உங்களை விறைக்க வைத்தது போன்ற குளிர்நீரில் ஒரு பகுதிதான் சில நாள் கழித்து சான்ட்டா குரூஸ் பக்கம் வந்து பழுப்பாக நிற்கிறது. நடுவில் இருக்கும் அந்தச் சில நாட்களை நான் முன்பு எழுதும்போது விட்டுவிட்டேன், அதனால்தான் உங்களுக்குக் குழப்பம்.

வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் அங்கே வடமேற்குக் காற்று கரையை ஒட்டி அடிக்கும். பூமி சுழல்வதால் மேல்மட்ட நீர் காற்றின் போக்குக்கு வலப்புறமாக, அதாவது கரையை விட்டு வெளியே நகரும். போன இடத்தை நிரப்ப அடியிலிருந்து குளிர்ந்த நீர் ஏறி வருகிறது. இது கரை நெடுக நடப்பதுதான், ஆனால் நிலம் துருத்தி நிற்கும் இடத்தில் காற்று நெருக்கப்பட்டு வேகமெடுப்பதால் அங்கே அதிகமாக ஏறும். பத்து, பதினொரு டிகிரிக் குளிர்தான் இருக்கும். வெளிச்சமே இல்லாத ஆழத்தில் கிடந்த நீர் என்பதால் பாசிக்கு உரமாகும் நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் யாரும் தொடாமல் அப்படியே இருக்கும்.

ஆனால் அதில் பாசி உயிர்கள் மிகக் கொஞ்சம். இருட்டுக்குப் பழகிய அவை வெளிச்சத்தில் சுறுசுறுப்பாகவே ஓரிரு நாள் பிடிக்கும். அப்புறம் நாளுக்கு ஒரு தடவை இரண்டாகப் பிரிகின்றன என்று வையுங்கள், ஐந்து நாளில் ஒன்று 32 ஆகும். இதற்குள் தண்ணீர் சும்மா நிற்குமா? விநாடிக்கு 30 செ.மீ. ஓடும் நீரோட்டம் ஒரு நாளில் 26 கிலோமீட்டர் போய்விடும், ஐந்து நாளில் 130. போதாததற்கு அதே காற்று கடலைக் கலக்கி உயிர்களை வெளிச்சம் எட்டாத கீழ்மட்டத்துக்கு இழுத்துப் போகிறது. உரம் போட்ட வயலையே யாரோ இழுத்துக்கொண்டு ஓடினால் விளைச்சலை அங்கேயே தேட முடியாதில்லையா.

அதனால் முனை செய்யும் இரண்டாவது வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது: அது மறைவு தருகிறது. ஆன்யோ நுவேவோவிலிருந்து வரும் குளிர்நீர் மான்டரே வளைகுடாவின் வாயைக் கடந்து தெற்கே போகும்போது கொஞ்சம் உள்ளே திரும்பிச் சுழல்கிறது. வளைகுடாவின் வடமூலையில், அதாவது நீங்கள் நின்ற இடத்தில், சான்ட்டா குரூஸ் மலைகள் காற்றைத் தடுத்துவிடும். வெயிலில் மேல்நீர் சூடாகி ஒரு மூடி போல மிதக்கிறது, உயிர்கள் வெளிச்சத்திலேயே தங்குகின்றன. ஆய்வாளர்கள் இதை ‘மேலெழுச்சியின் நிழல்’ என்கிறார்கள், ரொம்பப் பொருத்தமான பெயர்.

இப்படிப்பட்ட தண்ணீரில் ஒருமுறை மெல்லிய வலையை ஐந்து நிமிடம் இழுத்துப் பார்த்தேன். பாட்டிலில் வடிந்தது ஆறிப்போன கட்டன் டீ நிறத்தில் இருந்தது, வெள்ளரிக்காய் நறுக்கியது போல ஒரு பச்சை வாசனை. ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தால் கண்ணாடிப் பெட்டிகளைக் கோர்த்த சங்கிலிகள், ஒவ்வொரு பெட்டியின் மூலையிலும் முடி போல நீண்ட முள். கீட்டோசெரஸ் என்ற டயட்டம் அது, அதாவது கண்ணாடி போன்ற சுவர் கொண்ட நுண்பாசி. மேலே வந்த சிலிக்கேட் அந்தக் கண்ணாடிச் சுவராக மாறியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்தபோது கண்ணை எடுக்கவே முடியவில்லை.

எல்லா முனையும் இப்படி இல்லை. இன்னும் தெற்கே பிக் சர் கரையில், கரையை ஒட்டி ஆழம் குறைவாக இருக்கும் கடலடி மேடை மிகக் குறுகல். ஆறுகள் கொண்டுவரும் சேறு தங்க இடமில்லாததால் இரும்புச்சத்து குறைவு, நைட்ரேட் இருந்தும் டயட்டம் திணறும். நம் கன்னியாகுமரியில் வேறு கதை. தென்மேற்குப் பருவத்தில் அங்கேயும் குளிர்நீர் ஏறுகிறது, சாளை மீனுக்குத் தீனியாகும் டயட்டம் பெருகுகிறது. ஆனால் மலை முடியும் அந்த இடத்தில் மறைவு கிடைப்பதற்குப் பதிலாகக் காற்று இன்னும் வேகமெடுக்கிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே மான்டரே போல மறைவான வளைகுடாவைத் தேடாதீர்கள். முனைக்குத் தெற்கே வெட்ஜ் பாங்க் என்ற அகன்ற, ஆழம் குறைந்த கடலடி மேடு இருக்கிறது, மீன்வளத்துக்குப் பேர்போன இடம்.

சரி, சாக்கடை பயம். நிறத்தை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்ட வேண்டாம், நீர் கெட்டிருந்தால் கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள், அதைப் பாருங்கள். ஆனால் இலையுதிர் காலத்தில் பழுப்பு நுரை கரை ஒதுங்கினால் பிள்ளைகளைத் தள்ளியே வையுங்கள். 2007 கடைசியில் அதே வளைகுடாவில் அகாஷிவோ என்ற பாசி கிளப்பிய நுரை கடற்பறவைகளின் இறகில் படிந்து, தண்ணீர் ஒட்டாத தன்மையே போய், நூற்றுக்கணக்கான பறவைகள் குளிரில் நடுங்கிக் கரையில் கிடந்தன. இன்னொன்று, பாறையில் ஒட்டியிருக்கும் மஸல் சிப்பியைப் பறித்து வந்துவிடாதீர்கள். சில பாசிகளின் நஞ்சு அதற்குள் சேர்ந்திருக்கும், வேகவைத்தாலும் போகாது. மே 1 முதல் அக்டோபர் 31 வரை சொந்தச் சமையலுக்கு அதை எடுக்க கலிஃபோர்னியாவில் தடையே இருக்கிறது.