காதல் நாவல் எழுதுவதையே முழு நேரத் தொழிலாகக் கொண்ட, குடும்பமும் குழந்தைகளும் உள்ள ஒருவரின் அன்றாடம் எப்படி இருக்கும்?

போன மாதம் மகனின் பள்ளிப் படிவத்தில் 'தந்தை பெயர்' என்ற இடத்தில் என் கதாநாயகனின் பெயரை எழுதிவிட்டேன். மகன்தான் பார்த்துவிட்டு, "அம்மா, இது அந்த டாக்டர் அங்கிள் பேரு" என்றான். என் அன்றாடத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. விரிவாகக் கேட்டிருப்பதால் தொடர்கிறேன்.

ஒன்பது வருடங்களாக இதுதான் எனக்குத் தொழில். வீட்டில் கணவர், ஒன்பதாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன். என் நாவல் ஒன்று சுமார் 70,000 சொற்கள் வரும். நாளுக்கு 1,000 சொல், வாரம் ஐந்து நாள் என்று வைத்தால் முதல் வரைவுக்கே 14 வாரம் ஆகும். திருத்தி முடிக்க இன்னும் ஆறு வாரம். ஆக, வருடத்துக்கு இரண்டு நாவல். காய்ச்சல், பரீட்சை, விருந்தாளி எல்லாம் இந்தக் கணக்கில் வராது. வீட்டுக்கு மட்டும் தவறாமல் வரும்.

விடிகாலை நாலே முக்காலுக்கு எழுந்து ஏழு மணி வரை எழுதுவேன். அன்றைய நல்ல வாக்கியங்கள் எல்லாம் பெரும்பாலும் அதற்குள் வந்துவிடும். ஏழு முதல் ஒன்பது வரை எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ஒன்பதரைக்கு மறுபடி உட்கார்ந்தால் பன்னிரண்டரை வரை. சொல்லும்போது ஆபீஸ் மாதிரி ஒழுங்காகத்தான் இருக்கிறது. நடப்பில், வீட்டில் இருப்பவள் சும்மா இருப்பவள் என்பது ஊரறிந்த நம்பிக்கை. பக்கத்து வீட்டுப் பார்சலை வாங்கி வைப்பதும், கேஸ்காரருக்குக் கதவைத் திறப்பதும், "ஃப்ரீயாதானே இருக்கே" என்று ஆரம்பிக்கும் முக்கால் மணி நேரத் தொலைபேசியும் என் பங்கு. மதியத்துக்கு மேல் புதிதாக எதுவும் எழுத மாட்டேன். பிழைதிருத்தம், அட்டைப்படம், கடிதங்கள், கணக்கு வழக்கு என்று போய்விடும்.

பெரிய எழுத்தாளர்களின் தினசரி பற்றி எங்கே கண்டாலும் படிப்பேன். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி டிராலப், தபால் துறை வேலைக்குப் போகுமுன் காலை 5:30 மணிக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 சொல் எழுதினார். அவர் இறந்த பிறகு, 1883இல் வெளியான சுயசரிதையில் அவரே சொல்லியிருக்கிறார். அதே புத்தகத்தில், தன்னை எழுப்புவதற்கென்றே பணியாளுக்கு வருடம் ஐந்து பவுண்டு கூடுதலாகக் கொடுத்ததையும் சொல்கிறார். ஆங்கிலக் காதல் நாவலாசிரியை பார்பரா கார்ட்லேண்ட் 1976இல் மட்டும் 23 நாவல்கள் எழுதினார். சோபாவில் சாய்ந்தபடி அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொண்டார். எனக்குத் தெரிய வேண்டியதெல்லாம், அந்த நேரத்தில் அடுப்படியில் யார் நின்றார்கள் என்பதுதான். அதனால் மனதுக்கு நெருக்கமானவர் அமெரிக்கக் காதல் நாவலாசிரியை நோரா ராபர்ட்ஸ். 1979 பனிப்புயலில் இரண்டு சின்னப் பையன்களோடு வீட்டில் அடைபட்டுக் கிடந்தபோது, கிடைத்த நோட்டில் எழுத ஆரம்பித்தவர். ரத்தம் வந்தாலோ நெருப்புப் பிடித்தாலோ தவிர என்னைக் கூப்பிடக் கூடாது என்பது பிள்ளைகளுக்கு அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தை நானும் எங்கள் வீட்டில் அமல்படுத்தினேன். அதன் கதி என்ன ஆனது என்று கடைசியில் சொல்கிறேன்.

காதல் எழுத 'மூடு' வேண்டாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேண்டாம். உட்கார்ந்து இருபது நிமிடம் மட்டமாக எழுதினால் அது தானாக வந்துவிடும். வந்ததை இறக்கி வைப்பதுதான் பாடு. நாயகன் அவளை நம்பாமல் பேசிவிடும் பிரிவுக் காட்சியைக் காலையில் எழுதிவிட்டு எழுந்தால், அன்று முழுக்க என் கணவர் ஏதோ துரோகம் செய்த மாதிரியே இருக்கும். துண்டைக் கட்டிலில் போட்டதற்கு, பத்து வருடம் தேக்கி வைத்த கோபம் வெளியே வரும். பாவம், மனிதர் தேறிவிட்டார். நான் அறையை விட்டு வந்ததும் "இன்னைக்கு எந்த அத்தியாயம்?" என்பார். பிரிவு என்று சொன்னால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார்.

அதற்காக, காதலைச் சொல்லும் அத்தியாயம் எழுதிய நாளில் அவருக்கு ஏதோ லாபம் என்று நினைத்துவிடாதீர்கள். இருந்த கனிவெல்லாம் நாயகனுக்குப் போய்விட்டிருக்கும். அவருக்குக் கிடைப்பது "கரண்ட் பில் கட்டியாச்சா?" இரவு ஒன்பதரைக்கு மேல் எழுதுவதை நிறுத்தியதும் இதனால்தான். கதைச் சண்டையோடு படுத்தால் தூக்கம் வருவதில்லை, எனக்கும் அவருக்கும்.

உறவினர்கள் இன்னொன்று கேட்பார்கள்: "கடைசியில சேரத்தானே போறாங்க, அதுல எழுத என்ன கஷ்டம்?" சுபம் என்பது வாசகிக்கு முதல் பக்கத்திலேயே தெரியும். தெரிந்தும், முப்பதாவது அத்தியாயத்தில் 'இவங்க சேரவே மாட்டாங்க போலிருக்கே' என்று அவளைக் கவலைப்பட வைக்க வேண்டும். என் உழைப்பில் பாதி அதற்கே போகிறது. மீதியைக் காலண்டர் எடுத்துக்கொள்ளும். என் மூன்றாவது நாவலில் கதாநாயகி பதினொரு மாதம் கர்ப்பமாக இருந்தாள். நான் கவனிக்கவில்லை, எடிட்டர் கவனிக்கவில்லை, வாசகிகள் விரல்விட்டு எண்ணிவிட்டார்கள். அதிலிருந்து கதைக்கென்று தனியாக ஒரு காலண்டர் சுவரில் தொங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு, வந்த விருந்தாளி ஒருவர் எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

மகளிடம் என் புத்தகங்களை ரொம்ப நாள் மறைத்தேன். அவள் எப்படியும் படித்துவிட்டிருந்தாள். ஒரு நாள், "ஏம்மா உன் ஹீரோ எல்லாரும் கையைப் பிடிச்சு இழுக்கிறாங்க? கேட்டுட்டுப் பிடிக்க மாட்டாங்களா?" என்றாள். சுருக்கென்றது. அப்போது எழுதிக்கொண்டிருந்த வரைவைத் தேடிப் பார்த்தேன். ஆறு இடத்தில் இழுத்திருந்தான். ஆறையும் எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கையைப் பிடித்து இழுத்தால் ஒரு வரியில் முடிகிற காட்சிக்கு, கேட்டுவிட்டுப் பிடிக்க இரண்டு பக்கம் வேண்டும். அந்த இரண்டு பக்கமும் நன்றாகவே இருந்தது.

பணம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அச்சுப் புத்தக ராயல்டி வருடத்துக்கு இரு முறை, மின்னூல் வருமானம் மாதாமாதம். புது நாவல் வந்த மாதம் ராணி, நான்காம் மாதம் பழைய கதைதான். ஆறு மாதச் செலவுக்குக் கையில் பணம் சேரும்வரை நான் முன்பு பார்த்த வேலையை விடவில்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைத்தால், நீங்களும் அதுவரை விட வேண்டாம்.

அந்த ரத்தம், நெருப்புச் சட்டம்... இந்தப் பதிலை எழுத ஆரம்பித்ததிலிருந்து மகன் மூன்று முறை கதவைத் தட்டிவிட்டான். கடைசியாகத் தட்டியபோது, "அம்மா, ரத்தம் இல்ல, நெருப்பும் இல்ல. ஆனா தண்ணி" என்றான். போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.