கொடுமணல்: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அண்மையில் கொடுமணல் போய் வந்தேன். சில வீடுகள், மேய்ச்சல் காடு, நிறம் மாறிய நொய்யல் ஆறு, இவ்வளவுதான் கண்ணில் பட்டன. கோட்டையோ பெருங்கோயிலோ இல்லாத இந்தச் சிற்றூரை எதைக் கொண்டு வரலாற்று ஊர் என்கிறோம்?

வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் நடந்த அந்தக் காட்டுக்கு அடியில் இருப்பது, சங்ககாலத்தில் கல்மணிகள் செய்த ஒரு தொழிலூர். பதிற்றுப்பத்தில் அரிசில்கிழார் ‘கொடுமணம் பட்ட வினைமாண் அருங்கலம்’ (கொடுமணத்தில் செய்த வேலைப்பாடு மிக்க அரிய அணிகலன்) என்று பாடியது இவ்வூரைத்தான் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இல் இங்கே அகழாய்வைத் தொடங்கியது. உடைத்த கல், பாதி தேய்த்த மணி, மெருகேற்றியும் துளையிடாமல் விட்ட மணி, முடித்த மணி என ஒரே வேலையின் எல்லாப் படிகளும் இங்கு கிடைத்திருப்பதால், மணிகள் வெளியிலிருந்து வாங்கப்பட்டவை அல்ல, இங்கேயே செய்யப்பட்டவை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. பச்சைக்கல்லுக்குப் படியூரும் நீலக்கல்லுக்குச் சிவன்மலையும் அருகிலேயே இருந்தன. சூதுபவளம் என்னும் செந்நிறக் கல் மட்டும் குஜராத் பக்கத்திலிருந்து வந்திருக்க வேண்டும். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் இவ்வூர் இருந்ததை நினைத்தால் அதில் வியப்பில்லை. இரும்பு உருக்கிய உலைகளும், நூல் நூற்ற தக்களிகளும்கூட வெளிப்பட்டன.

என்னை மிகவும் நெகிழச் செய்பவை பானை ஓடுகள். சோறும் தண்ணீரும் வைத்த பாத்திரங்களில் ஆதன், சுமணன் போன்ற பெயர்கள் தமிழின் பழைய எழுத்தான தமிழ்ப் பிராமியில் கீறப்பட்டிருக்கின்றன. அந்தக் காலத்துச் சிற்றூர் ஒன்றில் வீட்டுப் பாத்திரங்களில் இத்தனை பேர் எழுதியிருக்கிறார்கள் என்பதைவிடப் பெரிய வரலாற்றுச் செய்தி எந்தக் கோட்டைச் சுவரிலும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆற்றின் நிறத்தைக் குறிப்பிட்டிருந்தீர்கள். ஊருக்குச் சற்றுக் கிழக்கே, பாசனத்துக்கென்று 1992இல் முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. கிணறுகள் உப்பேறின, வயல்கள் பாழாயின. கழிவை முற்றாகச் சுத்திகரிக்காத சாய ஆலைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் 2011இல் உத்தரவிடும் அளவுக்கு நிலைமை முற்றியது. மணி செய்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஆற்றின் கதையில் இதுவும் ஒரு பகுதி. இதை விட்டுவிட்டுக் கொடுமணலின் பழம்பெருமையை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை. நொய்யல் நீரை அள்ளிக் குடித்த பெரியவர்கள் அந்தப் பக்கத்து ஊர்களில் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் ஈரோட்டுக்காரர், அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள், இதே பக்கத்தில் வெளியிடுகிறேன்.